அயல்நாட்டு வாணிகமும் ஆசார அறிவும்

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் மண்டி வைத்து, நெல்லும் மல்லாட்டையும் கொண்டும் கொடுத்தும் வாழ்ந்த பெரியோர்களின் பேரப்பிள்ளைகள் இக்காலத்தில் சிங்கப்பூருக்கும் துபாய்க்கும், ஜப்பானுக்கும் ஜெர்மனிக்கும் வியாபார நிமித்தம் சென்று வருகின்றனர். புறப்படுமுன் அவர்கள் செய்துகொள்ளும் ஆயத்தங்கள் பல. பாஸ்போர்ட்டு, விசா, சரக்கின் மாதிரி, விலைப்பட்டியல் ஆகிய யாவற்றையும் ஒரு முறைக்கு இரு முறை சரிபார்க்கின்றனர். ஆயினும், செல்லுகின்ற நாட்டார் எதனை மரியாதை என்று கொள்வர், எதனை அவமதிப்பு என்று கொள்வர் என்பதை விசாரித்து அறிந்து செல்வோர் மிகச் சிலரே. சரக்கு நன்றாயிருந்தும் விலை நியாயமாயிருந்தும் பேச்சு முறிந்து திரும்புகிறவர்கள், முறிந்த காரணத்தைத் தம் சரக்கிலே தேடுகின்றனர். அக்காரணம் பெரும்பாலும் தாம் அமர்ந்த விதத்திலோ, நீட்டிய கையிலோ, கேளாமற் கேட்ட ஒரு கேள்வியிலோ இருந்திருக்கும்.

இவ்விஷயத்தைப் பற்றி நம் இளைஞர்களுக்கு அறிவு கூறவேண்டுமென்று பெரியோர் சிலர் விரும்பினர். வெறும் புத்திமதி காதில் ஏறுவதில்லை. ஆதலால், நம் முன்னோரும் நம்மிடம் வந்த அந்நியரும் இவ்வகையில் நடந்துகொண்ட விதங்களைச் சரித்திரத்தினின்றும் எடுத்துக் காட்டி, அவற்றினின்றும் பெறத்தக்க ஒரே நீதியை ஈண்டு விளக்க முற்படுகிறேன்.

நம் வழக்கமும் பிறர்க்கு விநோதமே

தன் ஆசாரம் இயற்கை என்றும், பிறர் ஆசாரம் விநோதம் என்றும் எண்ணுவது மனித சுபாவம். நம் மாட்டுச் சந்தைக்கு ஓர் அந்நியனை அழைத்துச் செல்வதாக வைத்துக்கொள்வோம். வாங்குபவனும் விற்பவனும் ஒரு துண்டினால் கையை மூடிக்கொண்டு, வாய் திறவாமல், விரல்களைப் பிடித்தே விலை பேசுவதை அவன் காண்கிறான். இது ஏதோ களவு என்றே அவன் எண்ணக்கூடும். அருகில் நிற்போர் விலையை அறியாதிருக்கச் செய்த ஏற்பாடு அது என்பதை நாம் சொன்னாலன்றி அவன் அறியான்.

அவ்வாறே, வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டால் ஒப்பந்தம் உறுதியாயிற்று என்பதையும், இடக்கையாற் பணத்தை நீட்டலாகாது என்பதையும், விடைபெறுங்கால் ‘போகிறேன்’ என்னாது ‘போய் வருகிறேன்’ என்று சொல்லவேண்டும் என்பதையும், ‘பார்க்கலாம்’ என்று மண்டிக்காரர் சொன்னால் பெரும்பாலும் ‘வேண்டாம்’ என்றே பொருள் என்பதையும் நாம் எந்தப் பள்ளியிலும் கற்கவில்லை. மடியிலிருந்தபோதே கற்றோம். பிற நாட்டாரும் தத்தம் வழக்கங்களை அவ்வாறே கற்றனர். மடியிற் கற்றதை அவர்கள் நமக்கு எடுத்துச் சொல்லார். ஏனெனில், அது சொல்லத்தக்கதொரு விஷயம் என்றே அவர்களுக்குத் தோன்றாது. கேட்டறிய வேண்டியது சென்றவனுடைய கடமை.

கிடங்கிலுக்கு வழிகாட்டிய நூல்

வழிச்செல்வோனுக்கு முன்னறிவு கொடுத்து அனுப்புவது தமிழர்க்குப் புதிதன்று. அதற்கென்றே ஆற்றுப்படை என்னும் ஒரு நூல்வகையை அவர்கள் வகுத்தனர். அவற்றுள் ஒன்று நம் ஊர்ப்பக்கத்தது என்பது நாம் பெருமை கொள்ளத்தக்கது. ஓய்மாநாட்டு நல்லியக்கோடனைப் பாடிய சிறுபாணாற்றுப்படையே அது. நல்லூர் நத்தத்தனார் இயற்றிய அந்நூல் 269 அடிகளை உடையது. அதிற் சொல்லப்பட்ட கிடங்கில் என்னும் ஊர் இன்று திண்டிவனம் நகரத்தின் ஒரு பகுதியாய் விளங்குகிறது. எயிற்பட்டினம் என்பது மரக்காணமே என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுகின்றனர்.

பரிசில் பெற்று மீளும் பாணன் ஒருவன், இனிச் செல்லவிருக்கும் பாணனுக்கு வழி சொல்லுவதாக அந்நூல் அமைந்துள்ளது. கடற்கரையிலே பரதவர் தேறலும் மீனும் தருவர். வேலூரிலே எயினர் புளிச்சோறும் இறைச்சியும் தருவர். ஆமூரிலே உழவர் வெண்சோறும் நண்டும் தருவர். இன்ன ஊரில் இன்னார் இருப்பர், இன்னது தருவர் என்று முன்கூட்டியே தெரிவித்தமையால், செல்பவன் திகைக்கவும் இல்லை, முகஞ்சுளிக்கவும் இல்லை. நிலத்திற்கு நிலம் உணவு வேறுபடும், உபசாரமும் வேறுபடும் என்று உணர்ந்தே அவன் புறப்படுகிறான். போய்வந்தவன் போகிறவனுக்குச் சொல்லுதல் என்னும் இம்முறையை அன்பர்கள் நினைவில் வைத்தல் வேண்டும். கட்டுரையின் முடிவில் மீண்டும் இதற்கே வருவேன்.

சீனத்து அரசவையிற் சோழ தூதர்

சோழர் காலத்திலே தமிழ் வாணிகம் கடல் கடந்து சீனம் வரையிற் பரவியது. 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளிற் சோழநாட்டுத் தூதர் சீனத்துச் சுங் வமிசத்துப் பேரரசர் அவைக்குச் சென்றதை அந்நாட்டுச் சரித்திர நூல்கள் குறித்துள்ளன. முதலிற் சென்றோர் 1,150 நாட்கள் பிரயாணஞ் செய்து சேர்ந்தனர் என்பர். முத்தும் யானைத் தந்தமும் வாசனைத் திரவியங்களும் அவர்கள் கொண்டுசென்ற காணிக்கைகள். பெயருக்குத் தூதாயினும், உண்மையில் அஃது அரசர் துணையுடன் நடந்த வாணிகமே. 1077-இல் முதற் குலோத்துங்கன் காலத்திற் சென்றோர் தம் காணிக்கைக்குப் பிரதியாக 81,800 சரம் செப்புக் காசுகளைப் பெற்று மீண்டனர்.

1033-ஆம் ஆண்டிற் சென்றவர் முதலாம் இராஜேந்திரனுடைய தூதர். விழுப்புரம் மாவட்டத்து எண்ணாயிரத்தில் 340 மாணாக்கர்க்கு உணவும் கல்வியும் அளித்த கல்லூரியைக் கல்வெட்டிற் பொறிக்கச் செய்தவனும் அவ்வரசனே. அத்தூதர் சீனத்து அவையிலே நடந்துகொண்ட விதம் நம் விஷயத்திற்கு உயிர்நாடி போன்றது. மன்னர்முன் முத்துக்களைச் சொரிந்து வணங்குதல் தம் நாட்டு வழக்கம் என்றும், அவ்வாறு செய்து தம் பக்தியைத் தெரிவிக்க அனுமதி வேண்டும் என்றும் அவர் விண்ணப்பித்துக்கொண்டார். அனுமதி கிடைத்தபின், வெள்ளித் தட்டிலே முத்துக்களை ஏந்திச் சென்று அரியணையின் முன்னர்ச் சொரிந்தார்.

அன்பர்களே! இதனை ஆழ்ந்து நோக்குங்கள். தம் வழக்கம் அவர்களுக்குத் தெரியாதே என்று அவர் அதனை மறைக்கவில்லை. நம் வழக்கம் உயர்ந்தது, ஆகவே செய்வோம் என்று கேளாமற் செய்யவும் இல்லை. கேளாமல் ஓர் அந்நியன் தட்டைத் தூக்கிக்கொண்டு பேரரசரை நோக்கி நடந்திருப்பின், காவலர் அவனை என் செய்திருப்பர் என்பதை நாம் ஊகிக்கலாம். அதே செயல், கேட்டுச் செய்தமையால் மரியாதையாயிற்று. நாட்டின் சரித்திரத்திலும் ஏறிற்று. ‘கேட்டுச் செய்தல்’ என்னும் இரு சொற்களிலே அயல்நாட்டு ஆசாரம் முழுவதும் அடங்கியிருக்கிறது என்பது என் துணிபு.

கற்கள் கூறும் சாட்சி

இதற்கு மேலும் மூன்று கற்கள் சாட்சி பகர்கின்றன. முதலாவது, சுமத்திராத் தீவின் மேற்குக் கரையிலுள்ள பரூஸ் என்னும் துறைக்கருகிற் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு. சகம் 1010, அதாவது கி. பி. 1088-ஆம் ஆண்டில், திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகர் குழு அதனைப் பொறித்தது. மரக்கலத்தோடு வருவோர் கஸ்தூரியின் விலைக்கேற்பப் பொன்னாக ஒரு கட்டணத்தைச் செலுத்திய பின்னரே விரித்த பாவாடையின்மேல் அடிவைத்து உட்புகுதல் வேண்டும் என்று அதிற் கட்டளை காணப்படுகிறது. அந்நிய நாட்டிலே தம் குழுவினர் எவ்வரிசையில் எதனைச் செய்யவேண்டும் என்பதை வணிகரே கல்லில் எழுதிவைத்தனர். ஒருவன் செய்யும் பிழை குழு முழுவதற்கும் இழுக்கு என்று அவர்கள் அறிந்திருந்தனர் போலும்.

இரண்டாவது, சீனத்துச் சுவான்சௌ துறைமுகத்திற் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு. 1281-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. சம்பந்தப் பெருமாள் என்பார் அங்கே சிவபெருமானுக்குத் திருக்கோயில் எடுப்பித்த செய்தியை அது சொல்லுகிறது. செகசைகானுடைய உடல்நலத்தின் பொருட்டும், அக்கானுடைய பிர்மானின்படியும் அத்திருப்பணி நடந்தது என்று அக்கல் தெரிவிக்கிறது. கான் என்பது அக்காலத்திற் சீனத்தை ஆண்ட மங்கோலியப் பேரரசரையே குறிக்கும். தம் சமயத்தை அவர் விட்டுவிடவில்லை. ஆனால் நாட்டரசன் உத்தரவைப் பெற்று, அவ்வரசன் நலத்தை வேண்டியே தம் தெய்வத்தை அந்த மண்ணில் எழுந்தருளச் செய்தார். கல்லின் இறுதியிலே சீன எழுத்தும் ஒரு வரி பொறிக்கப்பட்டுள்ளது.

மூன்றாவது, இலங்கையிலே காலித் துறையிற் கிடைத்த மும்மொழிக் கல்வெட்டு. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோ கொண்டுவந்தது. 1409-ஆம் ஆண்டைக் குறிப்பது. சீன மொழியிலே புத்தர்பெருமானுக்கும், தமிழிலே தெனவரை நாயனார் என்னும் திருமாலுக்கும், பாரசீகத்திலே அல்லாவுக்கும் காணிக்கைகள் செலுத்தியதை அது கூறுகிறது. பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் என மூன்று மொழியிலும் காணிக்கைகள் ஏறக்குறைய ஒரே அளவில் உள்ளன. ஒருவர் தெய்வத்திற்கு மிகுத்தும் மற்றவர் தெய்வத்திற்குக் குறைத்தும் கொடுத்தால் விளையும் மனக்கசப்பை அச்சீனர் அறிந்திருந்தனர். 1911-இல் அக்கல் காலி நகரத்திலே ஒரு மதகின் மூடுகல்லாய்க் கிடந்து வெளிப்பட்டது. இன்று கொழும்பு அரும்பொருட் சாலையில் இருக்கிறது.

ஆயினும், உண்மையை மறைத்தல் ஆகாது. இவ்வளவு மரியாதை காட்டிய அதே கடற்படை 1411-இல் இலங்கையிலே போர் புரிந்து, அந்நாட்டுத் தலைவனைச் சிறைபிடித்துச் சென்றது. ஆசாரம் அறிந்தவன் எல்லாம் நல்லெண்ணம் உடையவன் என்று நம்பிவிடலாகாது என்பதற்கும் அக்கல்லே சாட்சி. உபசாரம் வாயில், உள்ளிருப்பது வேறு.

செஞ்சியிலே அந்நியர்

இனி, நம்மிடம் வந்த அந்நியர் நடந்துகொண்ட விதத்தைச் சற்றுப் பார்ப்போம். திண்டிவனத்தினின்றும் மேற்கே ஒரு மணி நேரத்திற்குட்பட்ட பிரயாணத்தில் உள்ளது செஞ்சிக்கோட்டை. 1597-இல் பிமெந்தா என்னும் ஏசுசபைப் பாதிரியார் அங்குச் சென்று கிருஷ்ணப்ப நாயக்கரைப் பேட்டி கண்டார். அதன்பின் சில ஆண்டுகளில், 1608-ஆம் ஆண்டளவில், டச்சுக்காரர் அந்நாயக்கரிடம் அனுமதி பெற்றுக் கூடலூரையடுத்த தேவனாம்பட்டினத்தில் வாணிகம் தொடங்கினர். காணிக்கை இன்றி அரசன் முகம் காண்டல் இல்லை, முகம் காணாமல் அனுமதி இல்லை என்னும் நம் நாட்டு முறையை அவர்கள் வந்தவுடன் கற்றுக்கொண்டனர். தங்கள் நாட்டிலே குல்லாயைக் கழற்றுவது மரியாதை. இங்கே பாதரட்சையைக் கழற்றுவது மரியாதை. இவ்வேற்றுமையை அறிந்தவர்க்கே அரண்மனைக் கதவு திறந்தது.

1690-இல் ஆங்கிலக் கம்பெனியார், செஞ்சியில் இருந்த மராட்டிய மன்னர் இராஜாராமிடமிருந்து தேவனாம்பட்டினத்துக் கோட்டையை விலைக்கு வாங்கினர். பீரங்கிக்குண்டு எவ்வளவு தூரம் செல்லுமோ அவ்வளவு நிலமும் கோட்டையைச் சேர்ந்தது என்பது ஏற்பாடு. கம்பெனியார் கோட்டையினின்றும் நாற்புறமும் சுட்டனர். குண்டு விழுந்த எல்லைக்குட்பட்ட ஊர்கள் குண்டுகிராமங்கள் என்று பெயர் பெற்றன. நம் முறைகளை அவர்கள் கற்றுக்கொண்ட அளவு அவர்கள் முறைகளை நாம் கற்கவில்லை. இருவர் பேசுமிடத்தில் ஒருவன் மட்டும் மற்றவனை அறிந்திருந்தால், பேரம் எப்பக்கம் சாயும் என்பது சொல்லாமலே விளங்கும்.

இடையில் நின்றவர்கள்

இவ்விரு சாராருக்கும் இடையிலே துபாஷிகள் நின்றனர். விழுப்புரத்திற்குக் கிழக்கேயுள்ள புதுச்சேரியிலே பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமைத் தரகராய் விளங்கியவர் நைனியப்ப பிள்ளை. கவர்னர் எபேர் காலத்தில், 1716-இல், இராஜத்துரோகம் முதலான குற்றங்கள் சாட்டப்பட்டு அவர் சிறையிலிடப்பட்டார். கசையடியும் தண்டனையாக விதிக்கப்பட்டது. சாட்சிகள் தமிழிற் கூறியவை அவர்கள் அறியாத பிரெஞ்சு மொழியில் எழுதப்பட்டன. அதன் கீழ் அவர்கள் கையொப்பமிட்டனர். 1717-இல் நைனியப்பர் சிறையிலேயே உயிர் நீத்தார். கோடிக்கணக்கில் வியாபாரம் நடத்தியவர், தம்மைப் பற்றி எழுதப்பட்டது யாது என்பதைப் பிறர் வாயாலன்றி அறிய இயலாதிருந்தார்.

அவர் மகனார் குருவப்ப பிள்ளை இதனைக் கண்டு சோர்ந்துவிடவில்லை. நீதி வேண்டிப் பிரான்சு தேசத்திற்கே கப்பலேறினார். பதினைந்தாம் லூயி மன்னர் சிறுவராயிருந்தமையால் அக்காலத்தில் இராஜ்ய பாரத்தைத் தாங்கியவர் ஓர்லேயான் கோமகன். குருவப்பர் அங்கே அவர்கள் உடையும் மொழியும் முறையும் பயின்றார். கோமகனையே ஞானத்தந்தையாகக் கொண்டு அவர்கள் சமயத்திலும் சேர்ந்தார். புனித மைக்கேல் வீரர் என்னும் பட்டமும் பெற்றார். தந்தையார்மீது வந்த தீர்ப்பு நீக்கப்பட்டது. குருவப்பர் புதுச்சேரிக்குத் திரும்பித் தலைமைத் தரகராகி, 1724-இல் காலஞ்சென்றார். ஒரு மனிதன் பிற நாட்டாரிடம் நியாயம் பெற எவ்வளவு தூரம் தன்னை மாற்றிக்கொள்ளலாம் என்பது அவரவர் மனச்சாட்சியைச் சேர்ந்தது. அதனை இன்று நாம் உட்கார்ந்து தீர்ப்பிடுதல் முறையன்று. ஆனால் அவர் சென்று, அவர்கள் முறையை அறிந்து, அவர்கள் மொழியிலேயே கேட்டார் என்பதைக் கவனித்தல் வேண்டும்.

அக்குடும்பத்தின் உறவினரே தினசரிக் குறிப்பினாற் புகழ்பெற்ற ஆனந்தரங்கப் பிள்ளை. 1709-இல் பிறந்து 1761-இல் மறைந்த அவர், 1736 முதல் எழுதிவைத்த குறிப்புகளில், எந்தத் திருநாளுக்கு எத்தனை பீரங்கி வெடித்தனர், யார் யாருக்கு எழுந்து நின்றனர், யார் எவ்வரிசையில் அமர்ந்தனர், யார் என்ன வெகுமதி கொடுத்தனர் என்பவற்றை விலைவாசியோடு சேர்த்தே பதிவு செய்தார். இவை வீண் ஆடம்பரக் கதைகள் என்று எண்ணற்க. கணக்கப்பிள்ளை வரவு செலவு எழுதுவது போல, ஒரு பெரிய வியாபாரி மரியாதைக்கும் கணக்கு எழுதினார். இரண்டையும் அறிந்தவராதலின் துப்ளேயின் நம்பிக்கைக்குரிய தலைமைத் துபாஷியாய் உயர்ந்தார்.

தொப்பியும் தலைப்பாகையும்

இவ்விடத்தில் நம் போன்ற சங்கங்கள் வெட்கத்தோடு நினைக்கவேண்டிய ஒரு செய்தி உண்டு. முற்காலத்திலே கடல் கடந்தவனைச் சாதிப் பிரஷ்டஞ் செய்த கூட்டங்கள் இருந்தன. 1888-இல் இலண்டன் புறப்பட்ட காந்தியடிகளைப் பம்பாயிலே அவருடைய சாதியார் கூட்டங்கூட்டி விலக்கிவைத்தனர். அப்பொழுது அவர் பதினெட்டு வயதினர். போகாதே என்று சொல்லத் தெரிந்த கூட்டத்தார்க்கு, போனால் எவ்வாறு நடக்கவேண்டும் என்று சொல்ல ஒருவரும் இலர்.

அதன் பயன் யாது? இலண்டனிலே முதல்நாள், தம்மைக் காணவந்த டாக்டர் மேத்தாவின் மயிர்த்தொப்பியைக் கையிலெடுத்து எதிர்ப்புறமாய்த் தடவி அதன் மென்மயிரைக் கலைத்துவிட்டார் அவ்விளைஞர். பிறர் பொருளைத் தொடலாகாது, முதற் சந்திப்பிலேயே கேள்விகளை அடுக்கலாகாது, உரத்துப் பேசலாகாது என்னும் பாடங்களை அன்று அந்நண்பரிடமிருந்து கற்றதாக அடிகளே தம் சுயசரிதத்தில் எழுதியுள்ளார். நட்பாகச் சொல்ல ஒருவர் இருந்தமையால் அப்பிழை பாடமாயிற்று.

1893-இல் அவர் தென்னாப்பிரிக்காவுக்குச் சென்றது, தாதா அப்துல்லா கம்பெனியின் வியாபார வழக்கின் நிமித்தம். டர்பன் நீதிமன்றத்திலே தலைப்பாகையைக் கழற்றும்படி நீதிபதி கூறினார். அடிகள் மறுத்து வெளியேறினார். தொப்பியைத் தடவியதற்கு வெட்கியவர், தலைப்பாகையைக் கழற்றமாட்டேன் என்றது ஏன்? முன்னது அறியாமை, திருத்திக்கொள்ளத் தக்கது. பின்னது மானத்தைப் பற்றியது, விட்டுக்கொடுக்கத் தகாதது.

மறுஆண்டு, பாலசுந்தரம் என்னும் தமிழ்த் தொழிலாளி, எசமானால் அடிக்கப்பட்டு, முன்பற்கள் உடைந்து, வாயினின்றும் குருதி ஒழுக, தலைத்துணியைக் கையில் ஏந்தியவாறு அடிகள்முன் வந்து நின்றார். ஒப்பந்தத் தொழிலாளி எந்த வெள்ளைக்காரரைக் கண்டாலும் தலைத்துணியை எடுத்துவிட வேண்டுமென்பது அங்கே வற்புறுத்தப்பட்ட வழக்கம். அடிகளிடமும் அவ்வாறே செய்யவேண்டுமென்று அவர் எண்ணிவிட்டார். தலைத்துணியைக் கட்டிக்கொள்ளும்படி அடிகள் கூற, அவர் தயங்கித் தயங்கிக் கட்டிக்கொண்டார். அவர் முகத்திலே மகிழ்ச்சி தோன்றியது. நேட்டாலுக்குக் கப்பலேறியவருட் பலர் வடவார்க்காடு, தென்னார்க்காடு, செங்கற்பட்டு ஜில்லாக்களைச் சேர்ந்தவர். விழுப்புரமும் திண்டிவனமும் 1993 வரை அப்பழைய தென்னார்க்காட்டுப் பகுதியையே சேர்ந்திருந்தன. ஆகவே, அந்தத் தலைத்துணி நம் பாட்டன்மாருடைய தலைத்துணி என்றே நாம் உணர்தல் வேண்டும்.

மரியாதைக்கும் அடிமைத்தனத்திற்கும் உள்ள வேறுபாட்டை இவ்வொரு நிகழ்ச்சி தெளிவாக்குகிறது. இருபுறமும் கொடுத்து வாங்குவது மரியாதை. ஒருபுறம் மட்டும் பிடுங்கப்படுவது இழிவு. சோழ தூதர் முத்தைச் சொரிந்தார். பேரரசரும் அவர் வழக்கத்திற்கு இடங்கொடுத்தார். அது மரியாதை. பாலசுந்தரத்தின் தலைத்துணிக்குப் பிரதியாக எவரும் எதனையும் கொடுக்கவில்லை. பிற நாட்டு ஆசாரத்தைக் கற்றுக்கொள்ளுங்கள் என்று நாம் இளைஞர்க்குக் கூறும்போது, தலை வணங்கவும் தெரியவேண்டும், தலைத்துணியைக் காக்கவும் தெரியவேண்டும் என்று சேர்த்தே கூறுதல் கடமை.

இக்காலத்திற் கொள்ளத்தக்கவை

இனி, இன்று செல்வோர் அறியத்தக்க சில குறிப்புகளைச் சுருக்கமாய்க் கூறுவேன்.

ஜப்பானியரும் சீனரும் தம் பெயர்ச்சீட்டை இரு கைகளாலும் நீட்டுவர். நாமும் இரு கைகளாலும் பெற்று, படித்துப் பார்த்து, எதிரே மேசையின்மேல் வைத்தல் வேண்டும். வாங்கியவுடன் பின்பையிற் செருகுதல் அவரையே செருகியது போலாகும். சீனருக்குக் கடிகாரம் பரிசளித்தல் ஆகாது. அவர்கள் மொழியிலே அச்சொற்றொடர் இறுதிக்கடன் செய்வதைக் குறிக்கும் தொடரோடு ஓசையில் ஒத்திருப்பதே காரணம். அரபு நாடுகளிலே நலம் விசாரித்து, காப்பி அருந்தியபின் அன்றோ விலைப்பேச்சு! சிறு கிண்ணத்திலே மீண்டும் மீண்டும் ஊற்றுவர். போதுமானால் கிண்ணத்தை இலேசாய் அசைத்துக் கொடுத்தல் வழக்கம். வலக்கையாற் கொடுப்பதும் வாங்குவதும் அங்கும் நம் ஊர்ப்போலவே. ஜெர்மானியரிடம் பத்து மணி என்றால் பத்து மணியே. தாமதிப்பதானால் முன்கூட்டியே தெரிவித்துவிட வேண்டும். தாய்லாந்திலே குழந்தையின் தலையையும் தொட்டுக் கொஞ்சுதல் கூடாது.

எல்லா நாட்டார்க்கும் பொதுவாக ஒன்று. நம்மவர் தலையைப் பக்கவாட்டில் அசைப்பது நமக்கு ஒப்புதல். பலருக்கு மறுப்பாகவோ ஐயமாகவோ தோன்றும். ‘ஆம்’ என்றோ ‘இல்லை’ என்றோ வாய்திறந்து சொல்லிவிடுவது நலம். ‘பார்க்கலாம்’ என்பதை அவர்கள் மொழியிற் பெயர்த்துச் சொன்னால், அவர்கள் உண்மையாகவே காத்துக்கொண்டிருப்பர். பின்னர் நம்மைப் பொய்யர் என்பர்.

இக்குறிப்புகளை மனப்பாடம் செய்தால் போதும் என்று எண்ணற்க. வழக்கங்கள் காலத்தால் மாறும். ஒரே நாட்டிலும் ஊருக்கு ஊர், தலைமுறைக்குத் தலைமுறை வேறுபடும். மனப்பாடம் தவறியவிடத்து உதவுவது ஒன்றே. ‘உங்கள் வழக்கம் யாது? எவ்வாறு செய்தால் உங்களுக்கு உவப்பாகும்?’ என்று பணிவோடு கேட்டல். அவ்வாறு கேட்டவன்மேற் கோபங்கொண்ட நாட்டாரை நான் எந்தச் சரித்திரத்திலும் படித்ததில்லை.

அதுபோலவே, நம் வழக்கத்தையும் ஒளியாமற் சொல்லிவிடுதல் நன்று. புலால் உண்ணாதவர் விருந்திற்கு முன்னமே அதனைத் தெரிவித்தால் அழைத்தவர் மகிழ்ந்து வேறு ஏற்பாடு செய்வர். இலையில் இட்டபின் மூக்கைச் சுளித்தால் அவர் மனம் புண்படும். முன்னர்ச் சொன்னால் அது விண்ணப்பம்; பின்னர்ச் சொன்னால் அது குற்றச்சாட்டு.

சங்கத்தின் கடமை

முடிவாக ஒரு வேண்டுகோள். ஆற்றுப்படை பாடிய நாடு நம் நாடு. போய்வந்த பாணன் போகும் பாணனுக்கு வழி சொன்ன கிடங்கில், நம் திண்டிவனத்திலேயே இருக்கிறது. ஆதலால், விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் சங்கத்தார் மாதந்தோறும் ஒரு மாலைப்பொழுதை இதற்கென ஒதுக்குவார்களாக. அயல்நாடு சென்று மீண்ட வியாபாரிகள் தாம் கற்றதையும், அதனினும் முக்கியமாய்த் தாம் செய்த பிழைகளையும் கூச்சமின்றி எடுத்துரைப்பார்களாக. செல்லவிருக்கும் இளைஞர்களும், வேலைக்குச் செல்லும் ஏழைத் தொழிலாளர்களும் எந்தச் சமூகத்தினராயினும் வந்து கேட்பார்களாக. பெட்டியைக் கட்டித்தரப் பெற்றோர் உண்டு. பிரயாணச்சீட்டு எடுத்துத்தர ஏஜெண்டு உண்டு. இவ்வறிவைக் கட்டிக் கொடுத்தனுப்பும் கடமை நம்முடையது.

முன்னொரு காலத்திற் கூட்டங்கூடிப் ‘போகாதே’ என்றனர். இனிக் கூட்டங்கூடி, ‘போய், கேட்டறிந்து, நிமிர்ந்து நின்று, நலமே மீண்டு வா’ என்று வாழ்த்துவோமாக.